பழைய டீசல் பிக்கப்புக்கு டேர்போ பூட்டலாமா?

செட்டிகுளம், பாவற்குளம், நேரியகுளம் பக்கங்களில் நெல்லும் உழுந்தும் மரக்கறியும் ஏற்றிப் பிழைக்கும் குடும்பங்கள் பலவற்றிடம் இன்று ஒரு பழைய டீசல் பிக்கப் இருக்கிறது. சிலர் அதைக் கைக்காசுக்கு வாங்கினார்கள். கூடுதலானோர் லீசிங்கில் எடுத்தார்கள். 2009இல் உழவு இயந்திரத்தையும் லொறியையும் வழியில் விட்டுவிட்டு வந்து, மெனிக் பாம் முகாமில் கூடாரத்துக்குள் இருந்து, 2012 செப்ரெம்பரில் அம்முகாம் மூடப்பட்ட பின் மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கிய குடும்பங்கள் இவை. அவர்களுக்கு அந்த வண்டி வெறும் வாகனமல்ல. அது நின்றால் அந்தக் கிழமையின் வருமானமும் நிற்கும். லீசிங் தவணை மட்டும் நிற்காது.

இப்படிப்பட்டவர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்விதான் இக்கட்டுரையின் தலைப்பு. "வண்டி பாரம் இழுக்குதில்லை. கராஜில் கேட்டால், டேர்போ ஒன்றைப் பூட்டி, பம்பையும் கொஞ்சம் கூட்டிவிட்டால் பறக்கும் என்கிறார்கள். செய்யலாமா?" எங்கள் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். செய்ய முடியும். ஆனால் நூறில் தொண்ணூறு வண்டிகளுக்கு அது முதல் வேலையல்ல. அது மூன்றாவது அல்லது நான்காவது வேலை. முதல் மூன்றையும் ஒழுங்காகச் செய்தால் நான்காவது தேவைப்படாமலே போகக்கூடும். ஏன் என்பதை விளக்குவோம். கராஜில் நின்று நீங்களே கேள்வி கேட்கும் அளவுக்கு விடயம் விளங்கிவிட்டால், உங்கள் காசை உங்களாலேயே காப்பாற்றிக்கொள்ள முடியும்.

தீப்பொறி இல்லாத என்ஜின்

பெற்றோல் என்ஜினில் தீ மூட்டுவதற்குப் பிளக் இருக்கிறது. டீசல் என்ஜினில் அது இல்லை. காற்றை மட்டும் உள்ளே இழுத்து, அதன் கொள்ளளவில் இருபதில் ஒரு பங்காக நெரிக்கிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவதைக் கண்டிருப்பீர்கள். அதே சங்கதிதான். இங்கே நெரிபட்ட காற்றின் வெப்பம் 500 பாகைக்கு மேல் ஏறுகிறது. அந்த வேளையில் நொசில் டீசலைப் பனிபோல் பீச்சுகிறது. பீச்சியது உடனே தானாகப் பற்றிக்கொள்கிறது. ஜேர்மன் பொறியியலாளர் ருடொல்ப் டீசல் இந்த முறைக்கு 1892இல் காப்புரிமை பெற்றார். 1897இல் ஒழுங்காக ஓடும் என்ஜின் ஒன்றை அவர் காட்டினார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அக்சிலேற்றரை மிதிக்கும்போது நீங்கள் கூட்டுவது டீசலை மட்டும்தான். காற்று கூடுவதில்லை. அது சிலிண்டரின் அளவுக்கு ஏற்பத் தன்பாட்டில் வருகிறது. ஆகவே ஒரு டீசல் என்ஜினின் பலத்துக்கு எல்லை போடுவது டீசல் அல்ல, காற்றுத்தான்.

காற்றுக் கணக்கு

ஒரு லீற்றர் டீசல் முற்றாக எரிய ஏறத்தாழ 12 கிலோ காற்று வேண்டும். கொள்ளளவில் பார்த்தால் 10,000 லீற்றருக்கும் மேல், அதாவது 200 லீற்றர் பீப்பாய் ஐம்பதில் அடைக்கும் காற்று. அதுவும் கணக்கின்படி வேண்டிய ஆகக் குறைந்த அளவுதான். டீசலும் காற்றும் சிலிண்டருக்குள் ஒழுங்காகக் கலக்க நேரம் கிடைப்பதில்லை. எனவே புகை இல்லாமல் எரிய வேண்டுமானால் இதற்கும் மேல் மூன்றில் ஒரு பங்கு காற்று கூடுதலாக வேண்டும். அந்தக் காற்று இல்லாமல் டீசலை மட்டும் கூட்டினால், கூட்டியதில் ஒரு பங்கு கரியாக மாறிச் சைலன்சர் வழியாக வெளியே போகும். பின்னால் வருபவன் மூக்கைப் பொத்துகிறான். காசு உங்களுடையது.

டேர்போ இந்தக் காற்றுக் குறையைத்தான் தீர்க்கிறது. என்ஜினிலிருந்து வெளியேறும் சூடான புகைக்கு இன்னும் வேகம் இருக்கிறது. அதை வீணாக விடாமல் ஒரு சிறு சக்கரத்தின் மீது அடிக்கவிட்டால் சக்கரம் சுழலும். அதே அச்சின் மறுமுனையிலுள்ள இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து என்ஜினுக்குள் திணிக்கும். சுவிற்சர்லாந்து நாட்டவரான அல்பிரட் பியூக்கி என்பவர் 1905இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். 1920களில் கப்பல் என்ஜின்களில் தொடங்கி, பிறகு லொறிகளுக்கு வந்து, இன்று புதிய டீசல் வாகனங்களில் டேர்போ இல்லாததைக் காண்பது அரிதாகிவிட்டது. அந்த அச்சு நிமிடத்துக்கு ஒரு இலட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். அதைத் தாங்கி நிற்பது தலைமயிரை விட மெல்லிய ஒரு ஒயில் படலம்.

இனிக் கராஜில் யாரும் சொல்லாத கணக்கைப் பார்ப்போம். டேர்போ அரைப் பார் அழுத்தம் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். ரயருக்குக் காற்றடிக்கும்போது சொல்லும் கணக்கில் 7 இறாத்தல். சாதாரண காற்றின் அழுத்தம் ஒரு பார். ஆகவே காற்று ஒன்றரை மடங்காகும், பலமும் ஒன்றரை மடங்காகும் என்று எண்ணத் தோன்றும். ஆனால் காற்றை நெரித்தால் சூடாகும் என்பதை மேலே கண்டோம். எங்கள் சித்திரை வெயிலில் 35 பாகையில் உள்ளே போகும் காற்று, டேர்போவை விட்டு வெளியே வரும்போது 90 பாகையை எட்டிவிடும். சூடான காற்று ஐதானது. எனவே உண்மையில் என்ஜினுக்குள் போகும் காற்றின் நிறை பாதியால் கூடுவதில்லை, ஏறத்தாழக் கால் பங்கால்தான் கூடுகிறது. இடையில் றேடியேற்றர் போன்ற இன்டர்கூலர் ஒன்றை வைத்து அக்காற்றை 55 பாகைக்குக் கொண்டுவந்தால் 40 வீதத்தை நெருங்கலாம். இன்டர்கூலர் வைக்க முன்பக்கத்தில் இடம் வேண்டும். அதை வைத்தால் என்ஜின் றேடியேற்றருக்குப் போகும் காற்று குறையும். ஒன்றைச் சரிசெய்தால் மற்றொன்று கேள்வியாக எழும்.

இன்னொன்று. வன்னி சமதரை. செட்டிகுளத்திலிருந்து உட்கிராமத்துக் கிறவல் வீதியில் மணிக்கு 30 கிலோமீற்றரில் போகும் வண்டியில் டேர்போ பெரும்பாலும் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். என்ஜின் வேகம் கூடிப் புகை பலமாக வந்தால்தான் அது காற்றைத் திணிக்கத் தொடங்கும். பாரத்தோடு கண்டி, நுவரெலியா ஏறுபவருக்குக் கதை வேறு. நுவரெலியாவின் உயரத்தில் காற்று இங்குள்ளதை விட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஐதானது. அங்கே டேர்போ இல்லாத வண்டி மூச்சு வாங்கும், டேர்போ உள்ளது சமாளிக்கும். வயலிலிருந்து ஆலைக்கும், தோட்டத்திலிருந்து வவுனியாச் சந்தைக்கும் ஓடுபவர் மலை ஏறுபவருக்கான மருந்தை வாங்கிக் குடிக்க வேண்டியதில்லை.

பம்பும் நொசிலும்: எங்கள் பழைய பாடம்

டேர்போ காற்றைக் கூட்டும். டீசலைக் கூட்டுவது இன்ஜெக்டர் பம்ப். பழைய பிக்கப்புகளில் இது கைமுட்டியை விடச் சற்றுப் பெரிய ஒரு பெட்டி. டீசலை அளந்து, சரியான நொடியில், அதிக அழுத்தத்தில் ஒவ்வொரு நொசிலுக்கும் அனுப்புவது இதன் வேலை. பழைய ஹைலக்ஸ் வகை என்ஜின்களில் நொசில் திறக்கும் அழுத்தம் 100 முதல் 150 பார் வரை இருக்கும். புதிய கொமன் ரெயில் வண்டிகளில் இது 1,500 பாரையும் தாண்டும். இந்தப் பம்புக்குள் ஒன்றினுள் ஒன்று ஓடும் உருக்குப் பாகங்களுக்கு இடையிலான இடைவெளி ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கு. சுழல் வகைப் பம்புகளுக்குத் தனியாக ஒயில் கிடையாது. உள்ளே போகும் டீசலே அதற்கு எண்ணெய்.

இந்த இடத்தில் எங்கள் பகுதி மக்களுக்குப் புதிதாகச் சொல்லத் தேவையில்லாத ஒரு பாடம் இருக்கிறது. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் வடக்கில் டீசலும் பெற்றோலும் கிடைக்கவில்லை. மண்ணெண்ணெயும் மட்டுமட்டாகத்தான் வந்தது. பெற்றோலைச் சில துளி விட்டு ஸ்ரார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிளும் மொறிஸ் மைனரும் ஓட்டினோம். டீசல் வண்டிகளுக்கும் நீரிறைக்கும் இயந்திரங்களுக்கும் மண்ணெண்ணெயோடு எண்ணெய் கலந்து ஊற்றினோம். 2002 தொடக்கத்தில் தடை தளரும் வரை அப்படியே காலம் போயிற்று. வெளியிலிருந்து வந்தவர்கள் இதைப் பார்த்து அதிசயித்தார்கள். அதிசயம்தான். ஆனால் மெக்கானிக்மாரிடம் கேட்டால் மறுபக்கத்தையும் சொல்வார்கள். மண்ணெண்ணெய் டீசலை விட நீர்த்தது, வழுவழுப்புக் குறைந்தது. பம்பும் நொசிலும் உலர்ந்து தேய்ந்தன. வேறு வழியில்லாத காலத்தில் செய்ததை வழி உள்ள காலத்திலும் செய்யக்கூடாது.

ஆனாலும் அந்த ஆசை மீண்டும் வந்தது. 2022இல் ஓட்டோ டீசல் லீற்றர் ஒன்று மார்ச்சில் 176 ரூபாவாகவும், மே மாதத்தில் 400 ரூபாவாகவும், யூன் இறுதியில் 460 ரூபாவாகவும் ஏறியபோது மண்ணெண்ணெய் 87 ரூபாவாகவே இருந்தது. ஒகஸ்ட் மாதம் அது 340 ரூபாவாக உயர்த்தப்படும் வரை கலப்படம் நடந்திருக்காது என்று யாரும் சத்தியம் செய்ய மாட்டார்கள். அந்த வருடம் வரிசையில் நின்று வாங்கிய டீசலைக் கானிலும் பீப்பாயிலும் மாதக்கணக்கில் வைத்திருந்தோம். நாள்பட வைத்த டீசலில் தண்ணீர் அடியில் தங்கும். தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர் வளர்ந்து பாசிபோல் சளி கட்டும். துத்தநாகம் பூசிய வாளியிலோ பீப்பாயிலோ வைத்தால் டீசல் அந்தப் பூச்சைக் கரைத்து இன்னும் கெடும். இன்று "பலம் இல்லை" என்று கராஜுக்கு வரும் வண்டியின் தாங்கியைக் கழற்றினால் அடியில் துருவும் சேறும் இருப்பது புதினமல்ல. அந்தத் தாங்கியோடு டேர்போ பூட்டுவது, கிணறு இறைக்காமல் பெரிய மோட்டார் வாங்குவது போன்றது.

முதலில் செய்ய வேண்டியவை

எயார் கிளீனரில் தொடங்குங்கள். அதைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். வெளிச்சம் தெரியாவிட்டால் என்ஜினுக்குக் காற்றும் போகவில்லை. எங்கள் கிறவல் வீதிப் புழுதிக்கு, புத்தகத்தில் போட்டிருக்கும் கிலோமீற்றரில் பாதிக்கே அதை மாற்ற வேண்டும். கொம்பிறசரால் உரத்து ஊதிக் கடதாசியைக் கிழித்துவிட்டுப் பூட்டுவதை விட, ஊதாமலே விடுவது நல்லது. கிழிந்த துவாரத்தால் போகும் மணல் சிலிண்டரை அராவும்.

அடுத்தது டீசல் பில்ரர். அதன் அடியிலுள்ள திருகைத் தளர்த்தித் தண்ணீரை வடிக்கும் வசதி பல வண்டிகளில் உண்டு. கிழமைக்கு ஒருமுறை ஒரு கண்ணாடிப் போத்தலில் வடித்துப் பாருங்கள். அடியில் தண்ணீர் தனியாகத் தெரியும். தாங்கியை ஒருமுறை இறக்கிக் கழுவியே ஆக வேண்டும். பில்ரர் மாற்றினால் எயார் பிடிக்கும். பில்ரரின் மேலுள்ள திருகைச் சற்றுத் தளர்த்தி, கைப்பம்பை அமத்தி அமத்தி, நுரை நின்று டீசல் மட்டும் வரும்போது இறுக்குங்கள். அப்போதும் ஸ்ரார்ட் ஆகாவிட்டால் நொசில் குழாய்களின் நட்டுகளை ஒரு சுற்றுத் தளர்த்தி என்ஜினைச் சுற்றவிட வேண்டும். லான்ட்மாஸ்டருக்கும் நீரிறைக்கும் டீசல் இயந்திரத்துக்கும் இதே முறைதான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நொசில் பீச்சுகிறதா என்று விரலை வைத்துப் பார்க்க வேண்டாம். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் போய்விடும். வெளியே ஊசி குத்திய அளவு புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் பெரிதாக இராது. சில மணி நேரத்தில் சதை அழுகத் தொடங்கும். விரலை, சில வேளை கையையே இழக்க நேரிடும். அப்படி நடந்தால் மருந்து கட்டிக்கொண்டு வீட்டில் இருக்காமல் உடனே பெரியாஸ்பத்திரிக்குப் போய், டீசல் உள்ளே ஏறியது என்று சொல்ல வேண்டும்.

மூன்றாவது நொசிலும் பம்பும். நொசில்களைக் கழற்றிச் சோதனைப் பம்பில் பூட்டிப் பார்த்தால் அது பனிபோல் பீச்சுகிறதா, அல்லது ஒழுகுகிறதா என்பது கண்ணுக்கே தெரியும். ஒழுகும் நொசில் பிஸ்டனின் ஒரே இடத்தில் தீயை ஊதி ஓட்டை போட்டுவிடும். பம்பை அதற்கான மேசையில் ஏற்றிச் சிலிண்டருக்குச் சிலிண்டர் ஒரே அளவு டீசல் போகிறதா என அளக்க வேண்டும். இதற்கான இயந்திரம் எல்லாக் கராஜிலும் இல்லை. நகரத்தில் பம்ப் வேலை மட்டும் செய்யும் இடத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும். பம்பை வண்டியிலேயே வைத்து, திருகாணியைக் காதால் கேட்டுத் திருப்புபவரை நாங்கள் நம்புவதில்லை. வால்வ் இடைவெளியையும் பீச்சும் நேரத்தையும் சரிபார்த்து, கொம்பிறசன் சோதனையும் செய்துவிட்டால் என்ஜினின் உண்மையான நிலை தெரிந்துவிடும்.

புகையும் பேசும். கறுப்புப் புகை என்றால் டீசல் கூட அல்லது காற்றுக் குறைவு. நீலம் என்றால் ஒயில் எரிகிறது. வெள்ளை என்றால் டீசல் எரியாமல் வருகிறது, அல்லது தண்ணீர் உள்ளே போகிறது. நீலப் புகை விடும் என்ஜினுக்கு டேர்போ பூட்டச் சொல்பவர் உங்கள் நண்பரல்ல.

பூட்டுவதானால்

மேலே சொன்ன எல்லாம் முடிந்து, என்ஜினும் நல்ல நிலையில் இருந்து, உங்கள் ஓட்டமும் நீண்ட தூரப் பார ஓட்டமாக இருந்தால் டேர்போவைப் பற்றி யோசிக்கலாம்.

எந்த என்ஜின் என்பது முதலாவது கேள்வி. பட்டா என்று நாங்கள் அழைக்கும் ரற்றா ஏஸ் முதலில் வந்தபோது 702 சீசீ, இரண்டு சிலிண்டர், 16 குதிரை வலு. அது சிறு பாரத்துக்கென்றே செய்யப்பட்டது. அதில் கைவைக்க வேண்டாம். பழைய ரொயோட்டா ஹைலக்ஸில் வரும் 2எல் என்ஜின் 2446 சீசீ, 3எல் 2779 சீசீ. இவை டேர்போ இல்லாமல் வருபவை. மிதமான டேர்போவை இவை தாங்கும். ஆனால் ரொயோட்டாவே 2எல் என்ஜினுக்கு டேர்போ பூட்டி விற்றபோது, சூடேறி ஹெட் வெடிப்பது பல நாடுகளிலும் மெக்கானிக்மாருக்குப் பழகிய கதையாயிற்று. செய்தவனுக்கே அப்படியென்றால், வெளியில் பூட்டுபவர் இன்னும் கவனமாயிருக்க வேண்டும். டேர்போவோடு வரும் என்ஜின்கள் பலவற்றில் பிஸ்டனின் அடிப்பாகத்துக்கு ஒயில் பீச்சிக் குளிரவைக்கும் சிறு குழாய்கள் உண்டு. டேர்போ இல்லாமல் வருபவை பலவற்றில் அவை இருப்பதில்லை. ஆகவே அழுத்தத்தை அரைப் பாருக்கு மேல் கூட்டக்கூடாது என்பது எங்கள் அபிப்பிராயம்.

டேர்போவுக்கு மூன்று இணைப்புகள் வேண்டும். என்ஜினிலிருந்து அழுத்தத்தோடு ஒயில் வரும் குழாய் ஒன்று. அந்த ஒயில் தானாக வடிந்து சம்புக்குத் திரும்பும் அகலமான குழாய் இன்னொன்று. இது எங்கும் மேல்நோக்கி வளையாமல் சரிவாக இறங்க வேண்டும், வளைந்தால் ஒயில் தேங்கிப் புகைக்குள் போகும். மூன்றாவது காற்றுக் குழாய். அதில் ஒரு கிளிப் தளர்ந்தாலும் பலம் போய்விடும், கறுப்புப் புகையும் வரும். டேர்போவைத் தெரியும்போது பெரிய லொறியினுடையது மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்க வேண்டாம். அதைச் சுழற்றும் அளவுக்கு உங்கள் என்ஜினில் புகை வராது. ஏறத்தாழ அதே கொள்ளளவுள்ள டீசல் என்ஜினிலிருந்து கழற்றியதே பொருந்தும்.

றீகண்டிசன் டேர்போ வாங்குபவர் கடையிலேயே அச்சைப் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் மிகச் சிறிய ஆட்டம் இருப்பது இயல்பு. ஆனால் சக்கரம் சுவரில் முட்டக்கூடாது. முன்னும் பின்னும் இழுத்தால் அசைவு தெரியவே கூடாது. இதழ்களின் நுனி மழுங்கியோ கடித்த மாதிரியோ இருந்தால் அது மணல் தின்ற டேர்போ, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பிறகுதான் பம்ப். டேர்போ பூட்டிய பின் பம்பின் முழுப்பாரத் திருகை அளவாகக் கூட்டலாம். ஆனால் சாதாரணப் பம்புக்கு டேர்போ எப்போது காற்றைத் திணிக்கிறது, எப்போது இல்லை என்பது தெரியாது. டேர்போ வண்டிகளின் பம்பில் மேலே ஒரு தொப்பி போன்ற பாகமும் அதனுள் ஒரு றப்பர் சவ்வும் இருக்கும். காற்றழுத்தம் வரும்போதுதான் அது மேலதிக டீசலை விடும். அது இல்லாத பம்பைக் கூட்டினால், சந்தியில் நின்று எடுக்கும்போதெல்லாம் கரும்புகை கக்கும். வருடாந்தப் புகைப் பரிசோதனையிலும் மாட்டும். அந்தச் சான்றிதழ் இல்லாமல் வருமான உத்தரவுப் பத்திரம் எடுக்க முடியாது. என்ஜினையே மாற்றுபவர்கள், எண் மாறுவதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிய வேண்டும் என்பதையும் மறக்கக்கூடாது.

இரண்டு மானிகளை அவசியம் பூட்டுங்கள். ஒன்று காற்றழுத்தத்தைக் காட்டுவது. மற்றது வெளியேறும் புகையின் வெப்பத்தைக் காட்டுவது. டேர்போவுக்கு முன்னால் புகையின் வெப்பம் 700 பாகையைத் தாண்டி நீடித்து நின்றால் அலுமினியப் பிஸ்டனுக்கு ஆபத்து. தூய அலுமினியம் உருகுவது 660 பாகையில். மானி இல்லாமல் டேர்போ ஓட்டுவது, அடுப்பைப் பார்க்காமல் பால் காய்ச்சுவது போலாகும்.

காசுக் கணக்கு

டேர்போ பூட்டினால் டீசல் மிச்சமாகும் என்று விற்பவர்கள் சொல்வார்கள். அதே பாரத்தை அதே வேகத்தில் ஓட்டினால் சிறிதளவு மிச்சமாகலாம். ஆனால் பலம் கையில் வந்த பிறகு அதே வேகத்தில் ஓட்டுபவர் யார்? சரி, பத்து வீதம் மிச்சம் என்றே எடுத்துக்கொள்வோம். வண்டி மாதம் 2,000 கிலோமீற்றர் ஓடுகிறது, லீற்றருக்கு 10 கிலோமீற்றர் போகிறது என்றால் மாதம் 200 லீற்றர். பத்து வீதம் 20 லீற்றர். கணக்குக்காக லீற்றர் 300 ரூபா என்று வைத்தால் மாதம் 6,000 ரூபா. டேர்போவும் குழாய்களும் கூலியும் சேர்த்து இரண்டு இலட்சம் முடிகிறது என்று வைத்தால், அந்தக் காசு திரும்பி வர 33 மாதம் செல்லும். அதுவும் வட்டி இல்லாமல். கிழமைக் கடனில் எடுத்துப் பூட்டினால் இந்தக் கணக்கையே போட வேண்டியதில்லை. உங்கள் கராஜ் சொல்லும் விலையையும் அன்றைய டீசல் விலையையும் இதே முறையில் போட்டுப் பாருங்கள்.

அதோடு பாரம் என்ற விடயமும் இருக்கிறது. மூடை ஒன்று 65 கிலோ என்றால் 20 மூடை நெல் 1,300 கிலோ. என்ஜின் பலம் கூடியதால் சேசியின் பலமோ, வில்லுத்தகட்டின் பலமோ, பிறேக்கின் பலமோ கூடுவதில்லை. கிளச் தட்டும் கியர்ப் பெட்டியும் பழைய பலத்துக்குச் செய்தவையே. டேர்போவுக்கு ஒதுக்கிய காசில் ஒரு பங்கைப் பிறேக்குக்கும் றேடியேற்றருக்கும் முதலில் செலவழிப்பது புத்தி.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. அந்த ஐந்து வருடத்தில் பழைய பிக்கப்புகளின் விலை ஏறியது. உடைந்தால் இன்னொன்று வாங்கலாம் என்ற நிலை எங்கள் குடும்பங்களுக்கு இல்லை. உள்ள என்ஜின் இன்னும் பத்து வருடம் ஓடுவதா, இரண்டு வருடம் பறப்பதா என்று வீட்டில் இருவரும் இருந்து பேசி முடிவெடுங்கள். பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களில் வண்டியைச் சாரதியிடம் கொடுத்து ஓட்டுபவர்கள், பம்பைக் கூட்டும் முடிவைச் சாரதியிடம் விட வேண்டாம். பலம் அவருக்கு இனிக்கும். பில் உங்களுக்கு வரும்.

பூட்டிய பின்

டேர்போ உள்ள வண்டிக்கு ஒயில்தான் உயிர். 5,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை ஒயிலையும் ஒயில் பில்ரரையும் சேர்த்தே மாற்றுங்கள். டேர்போ டீசலுக்கு என்று போட்ட ஒயிலையே வாங்குங்கள். பீப்பாயிலிருந்து அளந்து விற்கும் பெயரில்லா ஒயில் வேண்டாம். காலையில் ஸ்ரார்ட் பண்ணியவுடன் உறுமவிடாமல் அரை நிமிடம் விடுங்கள், ஒயில் மேலே ஏறட்டும். பாரத்தோடு வந்து நிற்பாட்டும்போது ஒன்றிரண்டு நிமிடம் சும்மா ஓடவிட்டு நிறுத்துங்கள். உடனே நிறுத்தினால் ஒயில் நின்றுவிடும், சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும். தேங்கிய ஒயில் அந்தச் சூட்டில் கருகி அச்சில் கரியாகப் படியும். சாவியை எடுக்கும் முன் சந்தையில் மூடைகளை எண்ணத் தொடங்குங்கள். எண்ணி முடிக்கையில் நேரம் சரியாக இருக்கும்.

கராஜில் வேலை கொடுக்குமுன், என்ன பாகம் மாற்றப்படும், எவ்வளவு அழுத்தத்துக்கு வைக்கப்படும், பம்ப் எங்கே அளக்கப்படும், பழுதானால் எத்தனை நாளுக்குள் திருத்தித் தருவார் என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய பாகங்களையும் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோங்கள். டேர்போ ஒத்துவராவிட்டால் திரும்பப் பூட்ட அவை தேவைப்படும்.